எல்லாக் கையும் உயர்ந்த வகுப்பு

ஜூலை 3, திங்கள்

இருபத்தாறு வருஷமாகப் பாடக்குறிப்பைத் தவிர நான் வேறெதுவும் எழுதியதில்லை. இன்று எழுதத் தோன்றியது. எச்.எம். எமிலி மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பி, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவர் லேசில் யாரையும் உட்கார வைப்பதில்லை.

விஷயம் இதுதான். ஒன்பது பி-க்குப் பாடம் எடுக்கும் ஐந்து பேரும் ஒரு குழுவாக வேண்டும். வியாழன்தோறும் பள்ளி விட்டதும் ஒன்றாக உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒருவர் வகுப்பை மற்றவர்கள் கடைசி பெஞ்சில் இருந்து பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதிய லட்சணம் ஊருக்கே தெரியும். அடுத்த வருஷம் அவர்கள்தான் பத்தாம் வகுப்பு. "ஒத்த ஆளா இழுத்தா இந்தத் தேர் நகராது டீச்சர். நீங்கதான் சீனியர். நீங்க கூப்பிட்டா எல்லாரும் வருவாங்க" என்றார்.

ஐந்து பேரில் தமிழுக்கு வேலாயுதம் ஐயா, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஜெபராஜ் சார், வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடும் என்று பேசாமலே இருப்பவர். சமூக அறிவியலுக்குச் சொர்ணம், என் சொர்ணம். கணக்குக்கு நான், மங்கையர்க்கரசி. அறிவியலுக்கு ஜூனில் மாறுதல் வாங்கி வந்திருக்கும் ஒரு பெண். போடிப் பக்கமாம். பெயர் சுடர்க்கொடி.

வீட்டில் இவரிடம் சொன்னேன். கூட்டுறவு பாங்கியில் இருபது வருஷமாக மீட்டிங்கில் தூங்கிப் பழகியவர். "தலைவி ஆயிட்டியா, சரி, டீ குடுக்குற கூட்டமா இல்லையா?" என்று கேட்டார். சந்தோஷமாக இருந்ததால் கோபம் வரவில்லை.

ஜூலை 6, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்தேன். வேலாயுதம் ஐயா, சர்க்கரை மாத்திரை போடும் நேரம் என்று போய்விட்டார். ஜெபராஜ் சார் எப்போது போனார் என்றே தெரியவில்லை. சுடர்க்கொடி வந்தாள், சொர்ணமும் வந்தாள். நான் எழுதி வைத்திருந்த எட்டு நோக்கங்களில் மூன்றாவதைப் படிக்கும்போது வாசலில் நாலரை பஸ் ஆரன் அடித்தது. சொர்ணம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். "கோவிச்சுக்காத மங்கை, இத விட்டா அடுத்தது இருட்டுனப்பறந்தான்" என்றாள்.

அந்தப் புதுப் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மீதி ஐந்தையும் வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 7, வெள்ளி

சுற்றறிக்கை போட்டேன். "குழு உறுப்பினர்கள் அனைவரும் தவறாது கலந்துகொள்ள வேண்டும்." எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலாயுதம் ஐயா கையெழுத்துக்குக் கீழே கோடும் போட்டிருந்தார்.

ஜூலை 13, வியாழன்

கையெழுத்து வந்தது, ஆள் வரவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

இன்று ஓர் அதிசயம். வேலாயுதம் ஐயா மூன்றாவது பீரியடில் ஒன்பது பி-யின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது அறிவியல் பீரியடு. முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவர், அடுத்தவர் வகுப்பு வாசலில் சுண்ணக்கட்டி கேட்கக்கூட நின்றதில்லை.

பிறகு சொர்ணம்தான் சொன்னாள். சுடர்க்கொடி அவரிடம் போய், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் தன்னிடம் வாயே திறப்பதில்லை, தமிழ் வகுப்பில் மட்டும் கலகலவென்று பேசுகிறார்களே, அது எப்படி ஐயா, ஒருநாள் வந்து பார்த்து நான் எங்கே கோட்டை விடுகிறேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டாளாம். நோக்கமும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வந்த ஒன்றரை மாதத்தில் வகுப்பை அடக்கத் தெரியவில்லை என்று ஒருத்தி ஊரெல்லாம் தமுக்கடிக்கிறாள், அதைக் கேட்டு இவர்களுக்கு மனம் இளகுகிறது. நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வேன்.

ஜூலை 20, வியாழன்

இதை எழுதக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

இன்றும் நாற்காலிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் இல்லை. சரி, பூட்டலாம் என்று எழுந்தபோது லேபிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையலம்பப் போனபோது ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான். ஸ்டூல்களைப் போட்டுக்கொண்டு நாலு பேரும் இருந்தார்கள். வேலாயுதம் ஐயா எதையோ நடித்துக் காட்டுகிறார். ஜெபராஜ் சார் பேசிக்கொண்டிருக்கிறார், பேசுகிறார்! சொர்ணம் சிரிக்கிறாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி ஒரு சிரிப்பு உண்டு அவளுக்கு. பத்தொன்பது வருஷமாக அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

நாலரை பஸ் வந்தது, போனது. சொர்ணம் அசையவில்லை. இருட்டின பிறகு வரும் வண்டியில் போய்க்கொள்வாள் போலிருக்கிறது.

நான் நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். வயிறு எரிகிறது. எனக்குத்தானே எழுதுகிறேன், வேறு என்ன வார்த்தை போடுவது.

ஜூலை 21, வெள்ளி

எச்.எம். கூப்பிட்டார். இந்த முறை நின்றுகொண்டே பேசினோம். பத்தாம் வகுப்பு வேலை எனக்கு ஏற்கனவே தலைக்கு மேல் இருக்கிறது, குழுவைச் சுடர்க்கொடி பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் வருத்தமில்லையே என்றார். வருத்தமென்ன மேடம், சுமை குறைந்தது என்றேன்.

சுமை குறைந்தது.

ஜூலை 22, சனி

மாவாட்டினேன். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். இவர் பேப்பரைப் படித்துக்கொண்டே, "யாரும் வர மாட்டேங்காகன்னு அழுத. இப்பத்தான் வந்துட்டாகளே, பெறகென்ன?" என்றார். நான் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் விடவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

மத்தியானம் ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

ஜூலை 26, புதன்

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொர்ணத்துக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. அவள் குழம்பு, நான் தொடுகறி. பத்தொன்பது வருஷம். அவள் பிரசவ லீவில் இருந்தபோதும், என் மாமனார் செத்த பதினாறு நாளிலும் தவிர அது மாறியதே இல்லை. இன்று பீர்க்கங்காய்த் துவையல் அரைத்துக் கொண்டுபோயிருந்தேன், அவளுக்குப் பிடிக்கும் என்று. பெல் அடித்ததும் அவள் டிபன் பாக்ஸோடு எழுந்து, "லேப்ல ஒரு சார்ட்டு எழுதணும் மங்கை, சுடர் காத்துக்கிட்டு இருப்பா. நீயும் வாயேன்" என்றாள்.

வாயேனாம். விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல.

பசியில்லை என்றேன். அவள் போன பிறகு வெறும் தயிர்சாதத்தைத் தின்றேன். துவையலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். இவர் ருசித்துச் சாப்பிட்டார்.

ஜூலை 31, திங்கள்

ஆடித்தபசுக்கு உள்ளூர் விடுமுறை. வருஷா வருஷம் சங்கரன்கோவிலுக்கு நானும் சொர்ணமும் சேர்ந்துதான் போவோம். இந்த வருஷம் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. இவரோடு போனேன். கூட்டத்தில் சொர்ணத்தையும் அவள் மகளையும் பார்த்தேன். கூட மூன்றாவதாக யார் நின்றது என்று எழுத வேண்டியதில்லை. ஊருக்குப் புதுசு, தபசுக் காட்சி பார்த்ததில்லை என்று கூட்டி வந்திருப்பாள். நியாயம்தான்.

அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

இப்போது அவர்கள் முறைபோட்டு வகுப்பு பார்க்கிறார்கள். சுடர்க்கொடி வகுப்பு ஆயிற்று, ஐயா வகுப்பு ஆயிற்று, ஜெபராஜ் சார் வகுப்பு ஆயிற்று. நேற்று சொர்ணத்தின் வகுப்பு. இன்று காலையில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு. கண்ணெல்லாம் மினுமினுப்பு.

"மேப்பு போடுறப்ப பிள்ளைகளுக்கு முதுகக் காட்டிக்கிட்டேதான் பேசுதேனாம். பாதிப் பாடம் போர்டுக்குத்தான் நடக்குதுன்னு ஐயா சொல்லுதாரு. இத்தன வருஷமா ஒரு ஆளு சொல்லலயே மங்கை" என்றாள்.

நான் சொல்லியிருப்பேன் என்றேன்.

"நீ எங்க என் வகுப்புக்கு வந்த?"

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்தடுத்த அறை எங்களுக்கு. நடுவில் ஒரு சுவர். அவள் குரல் எனக்குத் தினமும் கேட்கும். உள்ளே போனதில்லை, அவளும் என் வகுப்புக்கு வந்ததில்லை. எலி வளையானாலும் தனி வளை என்றுதானே எல்லோரும் இருந்தோம்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சுடர்க்கொடி என்னைத் தேடி வந்தாள். பருத்திச் சேலை, வலது கையில் பழைய வாட்ச். உட்காரட்டுமா டீச்சர் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். சேலையின் ஓரத்தில் ஃபால் பிரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லோர் வகுப்பும் பார்த்தாயிற்று, கணக்கு மட்டும்தான் பாக்கி என்றாள். தன் பாடத்தில் வேகம், அடர்த்தி என்று கணக்கு வரும் இடத்திலெல்லாம் பிள்ளைகள் கல்லாகிவிடுகிறார்கள், என் வகுப்பைப் பார்த்தால் தனக்கு உதவியாக இருக்கும் என்றாள். "நீங்க இல்லாம இது குழுவே இல்ல டீச்சர்."

போர்ஷன் முடியவில்லை என்றேன். அடுத்த வாரம்? பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். எனக்குப் பல் நன்றாகத்தான் இருக்கிறது.

சாயந்தரம் எச்.எம். வராந்தாவில் நிறுத்தினார். "எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வராம இருக்கீங்க" என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் மற்றவர்கள் வருவதில்லை என்று அவரிடம் குறை சொன்னவள் நான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

வரட்டும். பார்க்கட்டும். பதினேழாம் தேதி வியாழன், நாலாவது பீரியடு என்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். சுடர்க்கொடிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சிரிக்கட்டும், பதினேழாம் தேதிக்குப் பிறகு யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஒன்பது பி-யில் கதவைச் சாத்திவிட்டு, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு சீனியர் டீச்சர் கற்றுக்கொடுத்த வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இன்ஸ்பெக்ஷன் என்றால் எங்கள் காலத்து ஆட்கள் எல்லோரும் கையாண்டதுதான். கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவாள். வந்திருக்கும் அதிகாரிக்கு வகுப்பு முழுக்கப் புலிகளாகத் தெரியும். நாலைந்து இன்ஸ்பெக்ஷனை இப்படித்தான் தாண்டியிருக்கிறேன்.

முன் பெஞ்சில் இருக்கும் பேச்சியம்மாள், கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுகிறவள், எழுந்து நின்றாள்.

"ஆபீசர் வர்றாங்களா டீச்சர்?"

"இல்ல. நம்ம டீச்சருங்கதான்."

"நம்ம டீச்சருங்களுக்கு எதுக்கு டீச்சர்?"

உட்கார் என்றேன். உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

நாளைக்குக் கொடியேற்றத்துக்குச் சேலை இஸ்திரி போட்டு வைத்தேன். ஒத்திகை நடந்தது. காரணிப்படுத்துதலில் ஐந்து கணக்கு, ஐந்து கேள்வி. எந்தக் கேள்விக்கு எந்த வலது கை உயரும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். இடது கைகளை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஜெயித்துவிட்டேன்.

நாலு பேரும் கடைசி பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி கேட்டேன். வகுப்பு முழுக்கக் கை. வேலாயுதம் ஐயாவின் புருவம் ஏறியதைப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது, ஐந்து வரைக்கும் அப்படியே. எழுப்பிய பிள்ளைகள் எல்லோரும் டாண் டாணென்று சொன்னார்கள். சுடர்க்கொடி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்து கேள்வியும் முடிந்து பெல்லுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ஒத்திகையில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். மைனசையும் மைனசையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது, யார் சொல்வீர்கள் என்று.

எல்லாக் கையும் உயர்ந்தது.

எல்லாம் இடது கை. முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒன்றுகூட மிச்சமில்லை. பேச்சியம்மாளும் இடது கைதான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பிள்ளைகூட ஏமாற்றாமல், தெரியாது டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரை எழுப்புவது?

நேரமாகிவிட்டது, அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றேன். பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. சொர்ணம்தான் முதலில் தட்டினாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

எச்.எம். அறையில் மறுபடியும் அந்த நாற்காலி கிடைத்தது. எல்லோரும் என் வகுப்பைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். குழுவை நானே திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். வியாழக்கிழமை கூட்டத்தில் தானே வந்து சொல்வதாகச் சொன்னார். இதைத்தானே கேட்டேன். தபசன்று அம்மனிடமும் இதைத்தான் கேட்டேன்.

மத்தியானம் சொர்ணம் குழம்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுடர்க்கொடிக்கு மனசு சரியில்லையாம், லேபில் தனியாக இருக்கிறாளாம். "தனக்கு ஒருநாளும் அப்படி ஒரு வகுப்பு அமையாதுன்னு சொல்லுதா. நேத்து ராத்திரி தூக்கமே இல்லியாம்."

என்னால் சாப்பிட முடியவில்லை. சொர்ணத்தின் புளிக்குழம்பு, அதுவும் சுண்டவைத்தது. அப்படியே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. மைனசுக் கேள்வியை மறுபடியும் கேட்டேன். கேட்டதும் இடது கைகள் அப்படியே உயர்ந்தன. ஒத்திகையும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. விதியை நான் எடுத்துவிடவில்லை அல்லவா, அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எழுந்து நின்று தெரியாது என்று சொல்லத்தான் பயம் போலிருக்கிறது. கை தூக்கிச் சொல்ல பயமில்லை.

எங்கிருந்து புரியவில்லை என்று கேட்டேன். இந்தப் பாடத்திலிருந்தா, போன பாடத்திலிருந்தா? பேச்சியம்மாள்தான் எழுந்தாள்.

"மைனசு வந்துச்சுல்ல டீச்சர், ஆறாம் வகுப்புல. அதுலேர்ந்து."

ஆறாம் வகுப்பில் இவர்களுக்குக் கணக்கு எடுத்தது யார் என்று நான் எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

மீதி பீரியடு முழுக்க எண்கோடு போட்டேன். ஆறாம் வகுப்புப் பாடம். பெல் அடித்தது எனக்குக் கேட்கவில்லை, அடுத்த பீரியடுக்கு ஜெபராஜ் சார் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 23, புதன்

மைனசைப் பெருக்கினால் ஏன் பிளஸ் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். விதி எனக்குத் தெரியும். வீடு பெருக்கும்போதும் அதே யோசனை. இவரிடம் கேட்டேன். "இருபத்தாறு வருஷமா நீ என்ன சொன்ன?" என்றார். இந்த முறை கேலி செய்யவில்லை. அப்படித்தான் போட வேண்டும் என்று சொன்னேன் என்றேன்.

கூட்டம் நாளைக்கு.

ஆகஸ்ட் 24, வியாழன்

லேபில் கூடினோம். நான் உள்ளே போவது இதுதான் முதல்முறை. சுவரில் சொர்ணம் எழுதிய சார்ட்டு தொங்கியது. சுடர்க்கொடி எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு எனக்குத் தெரியாததா, போன மாதம் முழுக்க நான் கண்ணாடியில் பார்த்ததுதானே.

எச்.எம். வந்து உட்கார்ந்தார். சுடர்க்கொடி நன்றாக ஆரம்பித்து வைத்தாள், இனிமேல் அனுபவம் உள்ளவர் நடத்தட்டும் என்றார். சுடர்க்கொடி தலையாட்டினாள். பிறகு எச்.எம். என் பக்கம் திரும்பினார். மற்றப் பாடங்களில் மூன்று கை உயர்வதே பெரும்பாடாக இருக்கும்போது கணக்கில் மட்டும் எல்லாக் கையும் உயர்கிறதே, மற்ற வகுப்புகளிலும் அப்படி உயர என்ன செய்யலாம் என்று நான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றார்.

வீட்டில் வேறு மாதிரி யோசித்து வைத்திருந்தேன். உடல்நிலை, குடும்பம், பத்தாம் வகுப்பு வேலை என்று நல்ல நல்ல காரணங்கள் கைவசம் இருந்தன. இடது கையைத் தூக்கினேன்.

எச்.எம்-முக்கு முதலில் புரியவில்லை. வேலாயுதம் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். சொர்ணம் என்னைப் பார்க்காமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா வலது, தெரியாட்டா இடது. நாந்தான் பழக்கி வச்சேன்" என்றேன். "அன்னைக்குக் கடைசியாக் கேட்டதுக்கு ஒரு வலது கை இல்ல. ஆறாம் வகுப்புலேர்ந்தே புரியலங்காங்க. அவங்களுக்கு அதை எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல."

ஐயா மெதுவாகச் சொன்னார். "கடைசி பெஞ்சுலேர்ந்து பாத்தா எந்தக் கைன்னு தெரியாதா டீச்சர்? நானும் எத்தனை இன்ஸ்பெக்ஷனப் பாத்தவன். சொல்லிக்காட்ட மனசு வரல."

தெரிந்துதான் தட்டினாயா என்று சொர்ணத்தைப் பார்த்தேன். "நீ அங்க தனியா நின்ன" என்றாள்.

தெரியாமல் இருந்தவள் சுடர்க்கொடி ஒருத்திதான். வேலைக்கு வந்து நாலு வருஷம், இந்த வித்தையெல்லாம் அவள் காதுக்கு எட்டவில்லை. சொர்ணம் விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. "ஒரு வாரமா நான் தூங்கல டீச்சர்" என்றாள். நல்ல கோபம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் சந்தோஷம். என்னை நினைத்து ஒருத்தி ஒரு வாரம் வயிறெரிந்திருக்கிறாள். நான் அவளை நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் எரிந்தேன். அப்போதும் கணக்கில் அவள்தான் எனக்குக் கடன்பட்டிருக்கிறாள். அதை அவளிடமே சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள், முடியவில்லை.

ஐயாதான் முதலில் தூக்கினார், இடது கையை. கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஏறவே இல்லை, முப்பது வருஷமாகக் கதை சொல்லித்தான் சமாளிக்கிறேன் என்றார். ஜெபராஜ் சார் ஒன்றும் பேசாமல் கையை மட்டும் தூக்கினார். சொர்ணம் தூக்கினாள். சுடர்க்கொடி, நான்தான் முதல் நாளே தெரியாது என்று சொல்லிவிட்டேனே என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கினாள். எச்.எம். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவரும் தூக்கினார்.

குழுவை யார் நடத்துவது என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. எனக்கு அந்த ஆசை இன்னும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சுடர்க்கொடி ஒரு கத்தைத் தாளை எடுத்து நடுவில் வைத்து, மைனசிலிருந்து ஆரம்பிக்கலாமா டீச்சர் என்று கேட்டாள். ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சொர்ணம் என் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

வாசலில் நாலரை பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. டிரைவர் சொர்ணத்துக்காக இரண்டாம் முறையும் அடித்துப் பார்த்தார். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.